சிடிஎம்ஏ எப்படி முடிந்தது, 2ஜியை யார் செலவில் மூடுவது

இரண்டாம் தலைமுறைக் கைபேசிச் சேவையான 2ஜியை நாடு முழுவதும் மூடிவிட வேண்டும் என்ற குரல் சில ஆண்டுகளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்புக்கு 25 ஆண்டுகள் நிறைந்த 2020 ஜூலை 31 அன்று, 2ஜியை வரலாற்றுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முகேஷ் அம்பானி பேசினார். 2024 தொடக்கத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயிடம் அளித்த கருத்துரையில், 2ஜி, 3ஜி இரண்டையும் மூடுவதற்கு அரசு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று ஜியோ கேட்டது. ஜியோவிடம் 2ஜி கிடையாது. ஏர்டெல்லிடமும் வோடஃபோன் ஐடியாவிடமும் பிஎஸ்என்எல்லிடமும் இருக்கிறது. ஆகவே இந்தக் கோரிக்கையில் பொதுநலம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. ஆனாலும் கேட்டவர் யார் என்பதற்காகவே ஒரு கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. என் கேள்வி வேறு. ஒரு தொழில்நுட்பத்தை மூடும்போது, அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய கைபேசி யார் கணக்கில் செல்லாக்காசாகிறது? ரிலையன்ஸும் டாடாவும் ஒருகாலத்தில் நடத்திய சிடிஎம்ஏ என்ற கைபேசித் தொழில்நுட்பம் மூடப்பட்டபோது இதற்கான பதிலை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

1995இல் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசிய அந்த முதல் அழைப்பு ஜிஎஸ்எம் என்ற தொழில்நுட்பம் வழியாகச் சென்றது. இன்று 2ஜி என்று ஓடுவதும் அதுதான். அப்போது உரிமம் பெற்று வந்த தனியார் செல்போன் நிறுவனங்களும் ஜிஎஸ்எம்மைத்தான் பயன்படுத்தின. சிடிஎம்ஏ கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தது. தரைவழித் தொலைபேசி உரிமம் வைத்திருந்தவர்கள், வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பிக்குப் பதிலாக ரேடியோ இணைப்பைப் பயன்படுத்தி, உள்ளூர் கட்டண எல்லைக்குள் மட்டும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய தொலைபேசியைத் தரலாம் என்று 2001இல் அரசு அனுமதித்தது. டபிள்யூஎல்எல் என்று நாம் அப்போது சொன்னது இதைத்தான். (கம்பியில்லா உள்ளூர் இணைப்புக்கென்றே சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் அப்போது நம் கையிலேயே இருந்தது. வீட்டில் ஓரிடத்தில் நிற்கும் போனுக்காக வடிவமைத்த அதை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய நினைத்த சந்தை கண்டுகொள்ளவில்லை.) பெரும் உரிமக் கட்டணம் கொடுத்து வந்த செல்போன் நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. வழக்கு தீர்ப்பாயத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருந்தபோதே 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் களமிறங்கிவிட்டது. 2003 நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த உரிமத்தைக் கொண்டுவந்து, அந்த நுழைவுக்கு முறையான வாசல் வைத்துக் கொடுத்தது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிடிஎம்ஏவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வொரு அலைவரிசையும் எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. தன் முறை வரும்போது மட்டும் போன் ஒலிபரப்பிவிட்டு அடங்கும். சிடிஎம்ஏவிலோ எல்லோரும் ஒரே அகலமான அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குறியீட்டை வைத்துக் கருவிதான் அவரவர் குரலைப் பிரித்தெடுக்கும். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கோ கணினி ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் ஜிஎஸ்எம் போனை வைத்தவர்களுக்கு, மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் ‘டிட்டிடி டிட்டிடி’ என்று ஒரு இரைச்சல் வந்தது நினைவிருக்கும். நொடிக்கு 217 முறை விட்டு விட்டு ஒலிபரப்புவதன் விளைவு அது. சிடிஎம்ஏ போனில் அந்தத் தொல்லை கிடையாது. கிடைத்த அலைக்கற்றையில் கூடுதல் பேரைத் தாங்குவதிலும், இணைய வேகத்திலும் அன்றைய சிடிஎம்ஏ முன்னால்தான் நின்றது. பின்னாளில் மாணவர்களின் மடிக்கணினிகளில் செருகியிருந்த இணையக் கருவிகளான ரிலையன்ஸ் நெட்கனெக்ட்டும் டாடா போட்டானும் அதன் வாரிசுகளே.

அப்படியானால் ஏன் வீழ்ந்தது? என் வாசிப்பில், வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்காக அந்த நிறுவனங்கள் கைபேசிக்குப் போட்ட பூட்டுதான் முதற்காரணம்.

2003 ஜூலையில் ‘மான்சூன் ஹங்காமா’ என்ற பெயரில் முதலில் 501 ரூபாய் கட்டினால் கைபேசி கையில், மீதி தவணையில் என்று ரிலையன்ஸ் விற்றது. செல்போன் பணக்காரர் வீட்டுப் பொருள் என்ற நினைப்பை உடைத்த திட்டம் அது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கைபேசியின் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் சிம் கார்டுக்கான இடமே இருக்காது. எண் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும். போன் தண்ணீரில் விழுந்தால், நண்பரின் பழைய போனில் சிம்மைப் போட்டுப் பேசுகிற வழி கிடையாது. நிறுவனத்தின் கடைக்குப் போய்த்தான் வேறு கருவியில் எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தை மாற்ற நினைத்தால் போனையும் தூக்கிப்போட வேண்டும். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தபோதும், இவர்களுக்கு எண் மட்டும்தான் கூட வந்தது, கருவி வரவில்லை.

இந்தப் பூட்டு சிடிஎம்ஏவின் பிறவிக் குணம் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். சீனாவில் சைனா யூனிகாம் 2002இல் சிடிஎம்ஏவைத் தொடங்கியபோதே, சிம் போலக் கழற்றி மாட்டும் அட்டையோடுதான் தொடங்கியது. இங்கே அதைத் தொடக்கத்திலேயே தராமல் விட்டது வியாபார முடிவு.

அந்த முடிவின் விளைவு கைபேசிக் கடைகளில் தெரிந்தது. ஜிஎஸ்எம் போன் யாரும் வாங்கலாம், விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். பழையதற்கும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு விலை உண்டு. 2003இல் வந்த டார்ச் விளக்குள்ள நோக்கியா 1100 ஊர் ஊராகப் பரவியது இந்தச் சந்தையை நம்பித்தான். சிடிஎம்ஏ போனுக்கோ விற்பனையாளரும் சேவை நிறுவனமும் ஒருவரே. அதோடு, சிடிஎம்ஏவின் அடிப்படைக் காப்புரிமைகள் அமெரிக்கச் சில்லு நிறுவனமான குவால்காமிடம் இருந்தன. 2006இல் அந்த ராயல்டி பற்றி ரிலையன்ஸே குவால்காமோடு வெளிப்படையாக மல்லுக்கு நின்றது. அதே ஆண்டில் நோக்கியா சிடிஎம்ஏ கைபேசி உருவாக்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் அது உற்பத்தியைத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். இந்தியர்கள் கடைக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கேட்ட கைபேசிகளைத் தயாரித்தவர் அந்தப் பக்கம் திரும்பியதும், இந்தப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் மாடல்கள் குறையத் தொடங்கின.

நிறுவனங்களும் அதைப் புரிந்துகொண்டன. 2007 அக்டோபரில் ஒரே உரிமத்தில் இரண்டு தொழில்நுட்பங்களும் நடத்தலாம் என்று அரசு சொன்னதும் ரிலையன்ஸ் ஜிஎஸ்எம் பக்கம் வந்தது. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்ததும் ஜிஎஸ்எம்மில்தான். பழைய சிடிஎம்ஏ சந்தாதாரர்கள் பழைய போன்களோடு பின்தங்கினார்கள்.

2016இல், முன்பு ரிலையன்ஸ் இன்ஃபோகாமாக இருந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் சிடிஎம்ஏவை முடித்துக்கொண்டு வாடிக்கையாளர்களை 4ஜிக்கு மாறச் சொன்னது. சிடிஎம்ஏ ஓடிக்கொண்டிருந்த 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை தூரமும் போகும், சுவரையும் துளைக்கும். 4ஜிக்குப் பொன்னான அலைக்கற்றை என்பதால் அதைப் பகிரவும் விற்கவும் ஜியோவோடு ஒப்பந்தங்கள் ஆயின. அலைக்கற்றைக்கு மறுவாழ்வும் விலையும் கிடைத்தன. வாடிக்கையாளருக்குக் கிடைத்தது புதுப் போன் வாங்கும் செலவு. நான் இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு கணக்குக்காகத்தான்.

கைபேசியே தலையெழுத்தைத் தீர்மானித்த இன்னொரு சண்டையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2010இல் நடந்த அகலக்கற்றை அலைக்கற்றை ஏலத்தில் டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா ஆகிய நான்கு தொலைத்தொடர்பு வட்டங்களை எடுத்தது ஒரு சில்லு நிறுவனம், அதே குவால்காம். 4,912 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த அந்த அலைக்கற்றை, சேவை நடத்திச் சம்பாதிக்கும் நோக்கத்தில் வாங்கப்பட்டதன்று. இன்டெல் முன்னின்று வளர்த்த கம்பியில்லா இணையத் தொழில்நுட்பமான வைமேக்ஸுக்குப் பதிலாக, இன்று நாம் 4ஜி என்று சொல்லும் எல்டிஇ இந்தியாவில் வேரூன்ற வேண்டும் என்பதே கணக்கு. பிறகு அது அந்த உரிமங்களை ஏர்டெல்லுக்குக் கைமாற்றிவிட்டது. பிஎஸ்என்எல் சில இடங்களில் வைமேக்ஸ் நடத்திப் பார்த்தது. வைமேக்ஸ் கைபேசி என்று ஒன்று நம் கடைகளில் கண்ணில் படாததால், அப்படி ஒரு போட்டி நடந்ததே பலருக்குத் தெரியாது.

இன்றைய பூட்டு பின்மூடிக்குக் கீழே இருப்பதில்லை, மென்பொருளில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, 4ஜி என்று பெட்டியில் அச்சிட்டிருந்த எத்தனையோ போன்களில், 4ஜி வழியாகவே குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்இ இல்லாததால், தனி ஆப் இல்லாமல் அந்த வலைப்பின்னலில் பேச முடியவில்லை. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஐபோன்களுக்குள் 5ஜி வன்பொருள் இருந்தும், டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும் வரை இங்கே அது பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கவில்லை. அதிலும் ஜியோ தனித்து நிற்கும் 5ஜியை நடத்துகிறது. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் தோளில் நிற்கும் 5ஜியை. ‘5ஜி போன்’ என்று கேட்டு வாங்குகிறவருக்கு இந்த வேறுபாட்டைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

2ஜிக்கு வருகிறேன். பழைய வலைப்பின்னலை ஓட்டுவதற்கு மின்சாரமும் அலைக்கற்றையும் செலவாகின்றன என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. என்றோ ஒருநாள் மூடத்தான் வேண்டும். ஆனால் 2ஜி சிம் என்றதும் பொத்தான் போன் மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது. கொங்குப் பகுதித் தோட்டங்களில் கிணற்றடி மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் உட்கார்ந்திருக்கும். இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டி தகவல் சொல்லும். விவசாயி படுத்த இடத்திலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடுவார். இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கும் வேலை அவருக்கு மிச்சம். இப்படிப்பட்ட பெட்டிகளில் பல 2ஜியை மட்டுமே அறிந்தவை. மூடுகிற அன்று அந்தப் பெட்டியும் ஊமையாகும்.

ஆகவே மூடுவதற்கான கொள்கை வரும்போது அதில் இரண்டு விதிகள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2ஜியிலிருந்து விடுபடும் அலைக்கற்றையை வேறு சேவைக்குப் பயன்படுத்துகிற நிறுவனமே, அந்தச் சந்தாதாரருக்கு மாற்றுக் கருவி தரும் செலவின் பெரும்பகுதியை ஏற்க வேண்டும். அப்படித் தரும் கருவியை எந்த நிறுவனத்தின் சிம்முக்கும் பூட்டி வைக்கக் கூடாது. 2017இல் ஜியோஃபோனை 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கொடுத்தபோது முதல் விதியின் சாயல் இருந்தது, இரண்டாவது இல்லை. அந்தப் போன் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்றது. இந்த இரண்டாவது விதிக்குத்தான் நிறுவனங்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.