அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

1797-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் அடித்த ஒரு சென்ட் போன மாதம் என் கைக்கு வந்தது. செப்புக்காசு. இன்றைய 25 சென்ட் நாணயத்தைவிடப் பெரியது, கையில் வைத்தால் கனம் தெரியும். இருநூறு வருடம் தாண்டியும், காசில் உள்ள சுதந்திர தேவி லிபர்ட்டியின் கூந்தலில் இழை இழையாகக் கோடு நிற்கிறது. நிறம் புளியங்கொட்டை போன்ற மினுமினுப்பான பழுப்பு. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் அடித்த அன்றைய சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. காசு புத்தம்புதுப் பிளாஸ்டிக் பெட்டியில், கிரேடு எண்ணோடு, அதாவது அதன் நிலைக்குத் தரும் மதிப்பெண்ணோடு வந்தது. முன்பு இது ஒரு சிறிய காகித உறையில் இருந்ததாம். உள்ளே, முன்பு வைத்திருந்தவர்கள் மையால் எழுதிய இரண்டு மூன்று பழைய சீட்டுகளும் இருந்தனவாம். "கிரேடுக்கு அனுப்பினபோது அதையெல்லாம் போட்டுவிட்டேன், இனிமேல் அது எதற்கு?" என்று விற்றவர் சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏன் இவ்வளவு வருத்தம் என்று சொல்கிறேன். செம்பு வெள்ளி மாதிரி இல்லை. விரல் பட்டால் கறை, ஈரம் பட்டால் பச்சை, காற்றில் கந்தகம் இருந்தால் கருப்பு. அதோடு, ஆரம்ப காலத்து சென்ட்டுகள் பிறக்கும்போதே குறையோடு பிறந்தவை. நாணயச்சாலை பழைய கெட்டில்களையும் கழிவுச் செம்பையும் வாங்கி உருக்கி ஓட்டிக்கொண்டிருந்தது. 1793 மார்ச்சில் வந்த முதல் சென்ட்டுகள், பின்பக்கம் சங்கிலி வளையம் இருப்பதால் சங்கிலி சென்ட் என்பார்கள், 36,103 மட்டுமே. எடை 208 கிரெயின், சுமார் பதின்மூன்றரை கிராம். செம்பு விலை ஏறியதால் 1795 கடைசியில் அதையும் 168 ஆகக் குறைத்தார்கள். அச்சுகளைக் கையாலேயே வெட்டினார்கள், அதனால் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. 1794-இல் ஒரு அச்சின் ஓரம் முழுக்க 94 பொடி நட்சத்திரங்கள், ஏன் வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்தக் காசை அன்று யாரும் சேகரிக்கவில்லை. ரொட்டி வாங்கினார்கள், சில்லறை கொடுத்தார்கள், தேய்ந்துபோயிற்று.

அப்படியானால் தேயாத காசு எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தற்செயல் இருக்கிறது. என்னுடையதைப் போன்ற 1796, 1797 காசுகளில் பல, மாசசூசெட்ஸ் செனட்டர் பெஞ்சமின் குட்ஹ்யூ வீட்டில் ஒரு பையில் கிடந்தவை என்று சொல்லிவருகிறார்கள். பிறகு அந்தப் பை அதே மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம் (நம் சேலம் இல்லை) பக்கத்தில் நிக்கல்ஸ் என்பவரிடம் போய், அவர் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்தார். 1816 முதல் 1820 வரையிலான சிவப்புக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன என்றால், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ரயில் நிலைய மேடைக்கு அடியில் கிடைத்த பீப்பாய்தான் காரணம். 1794-95-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த வில்லியம் ஸ்ட்ரிக்லேண்ட் என்ற ஆங்கிலேயர் ஊருக்குக் கொண்டுபோன காசுகள் 1964-இல் லண்டன் ஏலத்துக்கு வந்தபோது, நேற்று அடித்தவை போல இருந்தன.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1797 முதல் ஃபிலடெல்ஃபியாவுக்கு, காசாக அடிப்பதற்கான வெறும் செப்பு வில்லைகளை அனுப்பியவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மேத்யூ பௌல்ட்டன். மதராஸ் மாகாணத்துக்கு 10 காசு, 20 காசு நாணயங்களை அடித்துக் கொடுத்ததும் அதே பௌல்ட்டனின் சோஹோ ஆலைதான். 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் மதராஸ் காசுகளோடு இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் எடுத்தபோது, பீப்பாய் நடுவில் இருந்தவை அருமையாகப் பிழைத்திருந்தன. மதராஸ் வந்து சேர்ந்திருந்தால் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். 1 முதல் 70 வரையிலான கிரேடு அளவுகோலை உருவாக்கியவர் பழைய சென்ட்டுகளைச் சேகரித்த வில்லியம் ஷெல்டன். 1794 சென்ட் மிகவும் தேய்ந்தது ஒரு டாலர் என்றால், அதிலேயே சிறந்தது எழுபது டாலர். அன்றைய விலைக் கணக்கில் இருந்து வந்த எண் அது, இன்று உலகில் பல இடங்களில் காசுக்கு அதுதான் வேதம். அதே ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருந்தார். 1977-இல் அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் இது வெளியே வந்தது. பழைய படங்களையும் பதிவுகளையும் ஒப்பிட்டுத்தான் எந்தக் காசு யாருடையது என்று கண்டுபிடித்தார்கள். கிரேடு எண்ணை மட்டும் வைத்து அந்தத் திருட்டை யாராலும் பிடித்திருக்க முடியாது.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பெட்டி காசைக் காப்பாற்றுகிறது, புதிதாக வருபவருக்குத் துணை. ஆனால் பெட்டியில் 62 என்றிருக்கும் காசை, பழைய செப்புக்காசுக்காரர்கள் சாதாரணமாக 50 என்பார்கள். அவர்கள் முதலில் மேற்பரப்பைப் பார்ப்பார்கள். யாராவது தேய்த்திருக்கிறார்களா, நிறம் இயற்கையானதா, கீறல் எங்கே. பிறகு கழித்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கண்ணைத்தான் நான் நம்புகிறேன். இங்கே வந்திருந்த அம்மா என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே" என்றார். குடத்துக்கு அது சரி. இங்கேயும் தலைமுறை தலைமுறையாக ஏதாவது போட்டுத் தேய்த்துத்தான் எத்தனையோ நல்ல காசுகள் உயிரை விட்டன. நான் வைத்திருப்பது ஒட்டக முடி பிரஷ் ஒன்றுதான், அதையும் மெதுவாகத்தான் தொடுகிறேன்.

தேய்க்காமல், விளையாடாமல், விற்றாலும் பத்திரமாகக் கைமாற்றிவிட்ட ஒவ்வொருவரும் சேர்ந்துதான் என் காசை இந்த நிலையில் என்னிடம் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அந்தச் சீட்டுகளில் இருந்திருக்கும். சேலம் பையில் இருந்து வந்ததுதானா என்றும் தெரிந்திருக்கும். இப்போது அச்சின் வகையைப் பார்த்து, இருக்கலாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.

விற்பவர்களே, கிரேடுக்கு அனுப்புங்கள், தடையில்லை. உறையையும் சீட்டையும் ஒரு கவரில் போட்டுக் காசோடு கொடுத்துவிடுங்கள். வாங்குபவர்களே, "பழைய சீட்டு இருக்கிறதா?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டால்தான் அவர்களுக்கும் அதன் மதிப்பு தெரியும்.

நேற்று அமிலம் இல்லாத காகிதத்தில் ஒரு சிறு சீட்டு வெட்டினேன். வாங்கிய தேதி, ஊர், கொடுத்த விலை, சீட்டுகள் தொலைந்த கதை இரண்டு வரி, கீழே என் பெயர். தமிழில்தான் எழுதினேன். காசின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.