காந்தத்தைப் பகைவனாக மட்டும் கற்பிக்காதீர்கள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். சென்ற சனிக்கிழமை மாணவி ஒருத்தி புல்மோட்டைக் கறுப்பு மணலை ஒரு போத்தலில் கொண்டுவந்தாள். வலுவான காந்தத்தை அருகில் பிடித்ததும் இரும்பு அடங்கிய கனிமமான இல்மனைட்டின் மணிகள் எழுந்து ஒட்டிக்கொண்டன. "சேர், காந்தம் மீகடத்துதிறனைக் கெடுக்கும் என்று சொன்னீர்கள். அப்படியென்றால் இரும்புச் சேர்வை எப்படி மீகடத்தியாகிறது?" என்று கேட்டாள்.

மீகடத்துதிறன் என்பது, சில பொருட்கள் கடுங்குளிரில் மின்தடையை முற்றாக இழந்துவிடும் பண்பு. அன்று நான் சொன்ன விடை அவளுடைய கேள்விக்குப் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2008இல் ஜப்பானில் ஹிடேயோ ஹொசோனோவின் குழு, இலந்தனம், ஒட்சிசன், இரும்பு, ஆர்செனிக் ஆகியவற்றாலான சேர்வையில் ஒட்சிசனின் ஒரு பங்கை நீக்கிப் புளோரினை இட்டது. 26 கெல்வினில் மீகடத்துதிறன் தோன்றியது. இலந்தனத்தின் இடத்தில் சமாரியத்தை வைத்தபோது, அதே ஆண்டிலேயே அது 55 கெல்வினுக்கு ஏறியது. புளோரின் கலக்காத தாய்ச்சேர்வையோ மீகடத்தி அல்ல. ஏறத்தாழ 137 கெல்வினுக்குக் கீழே அதன் இரும்பு அணுக்கள் காந்த ஒழுங்குக்கு வருகின்றன: ஒரு திசையில் எல்லாம் ஒன்றுபோல, குறுக்குத் திசையில் மாறிமாறி எதிராக. நியூத்திரன்களைப் பாய்ச்சி அவை சிதறும் விதத்தை அளந்தபோது தெரிந்த பட்டை ஒழுங்கு இது.

இந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது? ஒரு தரப்பினர், உலோகத்தில் அலையும் இலத்திரன்கள் சேர்ந்து எழுப்பும் சுழற்சி அடர்த்தி அலையே (அவற்றின் சுழற்சி, அதாவது நுண்காந்தத் திசை, அலைபோல மாறிமாறி அமைவதே) இது என்கிறார்கள். மறுதரப்பினர், ஒவ்வோர் இரும்பு அணுவிலும் காந்தம் நிலைத்திருக்கிறது, ஆர்செனிக் வழியாக அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்கிறார்கள். முதல் தரப்புக்குச் சாதகமானது காந்தத்தின் அளவு. சாதாரண இரும்பில் அணுவொன்றுக்கு 2.2 போர் மக்னெட்டன் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு). இந்தத் தாய்ச்சேர்வையில் முதலில் அளந்தபோது கிடைத்ததோ 0.36 மட்டுமே. ஆனால் இரும்புத் தெலூரைட்டைப் பாருங்கள். அலையும் இலத்திரன்களின் கணக்கு பழைய பட்டையையே எதிர்பார்க்கச் சொல்கிறது. உண்மையில் அங்கே பட்டைகள் 45 பாகை திரும்பிக் கிடக்கின்றன, காந்தத் திருப்புதிறனும் ஏறத்தாழ 2 மக்னெட்டன். அலைதல் மட்டுமே காரணம் என்பவர்கள் இதற்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது.

என் மனம் சாய்வது மூன்றாவது பக்கம். கிறிஸ்டியன் ஹௌலே, கேப்ரியல் கொட்லியார் போன்ற கோட்பாட்டுப் பௌதிகவியலாளர்கள் வலியுறுத்தும் ஹூண்ட் உலோகம் என்ற பார்வை அது. ஒபிற்றல்களில், அதாவது அணுவில் இலத்திரன்களுக்குரிய இடங்களில், இலத்திரன்கள் முடிந்தவரை ஒரே திசைச் சுழற்சியுடன் தனித்தனியாக அமரும் என்ற ஹூண்டின் விதியை நம் பிள்ளைகள் இரசாயனவியலில் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தச் சேர்வைகளில் இலத்திரன் ஓடிக்கொண்டே அந்த விதிக்கும் கட்டுப்படுகிறது. எனவே கணத்துக்குக் கணம் அணுவில் பெரிய காந்தம் இருக்கிறது. அது விரைந்து அலைபாய்வதால் ஒழுங்காக நிலைத்து நிற்கும் பங்கு சிறுத்துப்போகிறது. மிகக் குறுகிய நேரத்தைப் பிடிக்கும் எக்ஸ்-கதிர் அளவீடுகள் பெரிய காந்தத்தையே காண்கின்றன. இதை மேற்சொன்ன இரு தரப்புக்கும் இடையிலான சமரசம் என்று சிலர் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. காந்தத்தின் பிறப்பிடத்தையே இது வேறாகக் காட்டுகிறது.

இரும்புச் செலனைட்டைச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண அழுத்தத்தில் அதற்குக் காந்த ஒழுங்கே இல்லை. ஆயினும் 8 கெல்வினளவில் அது மீகடத்தி. உறைந்த ஒழுங்குதான் மீகடத்துதிறனுடன் போட்டியிடுகிறது. அலைபாயும் காந்தமோ, மீகடத்துதிறனுக்குத் தேவையானபடி இலத்திரன்களைச் சோடி சேர்க்கும் கையாகவே இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, "காந்தம் கெடுக்கும்" என்று ஒற்றை வரியில் முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

வரும் சனிக்கிழமை அவளிடம் பௌதிகவியல் கொப்பியை மூடிவைத்துவிட்டு, இரசாயனவியல் கொப்பியில் ஹூண்டின் விதி எழுதிய பக்கத்தைத் திறக்கச் சொல்லப்போகிறேன்.