கன்னம் வீங்கினால் எல்லாம் கூகைக்கட்டு இல்லை

எச்.ஐ.வி. உள்ள சிலருக்குக் காதடியில் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கம் தோட்டத்து லய வீட்டில் இருந்த எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. ரெண்டு கன்னமும் உப்பிப்போச்சு, வலி மட்டும் இல்லை. கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி) என்று சித்தி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டார். கூகைக்கட்டு ரெண்டு கிழமையில் வற்றிவிடும். இது மாதக்கணக்கில் நின்றது. வாய் காய்ந்து, ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்துத்தான் விழுங்குவார். இரத்தம் சோதித்து, எச்.ஐ.வி. என்று தெரிந்து, அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கிய பிறகுதான் வீக்கம் மெல்ல மெல்ல இறங்கியது.

என்னால் இன்னும் தாங்க முடியாதது, அவர் குடித்த கோப்பையைத் தனியாகக் கவிழ்த்து வைத்ததுதான். எச்சிலால் எச்.ஐ.வி. தொற்றாது ஐயா! பாலியல் நோய்களுக்கான அரசாங்க எஸ்.டி.டி. கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம். தோட்டத்துச் சனத்துக்கு இதையும் எழுதுங்கள்.