தரங்கம்பாடி அழகாகிவிட்டது, ரயிலைத்தான் காணோம்

பொங்கல் லீவில் பிள்ளைகளோடு தரங்கம்பாடி போய்வந்தேன். நான் ஓடியாடி வளர்ந்த ஊர், அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன். ஊர் நன்றாக இருக்கிறது. "பழைய ஊர் போச்சே" என்று புலம்ப எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நாங்கள் பார்த்த பழைய ஊர் கண்ணெதிரே உதிர்ந்துகொண்டிருந்த ஊர். கவர்னர் பங்களா பக்கம் போனாலே பெரியவர்கள் அதட்டுவார்கள், சுவர் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் 2004இல் சுனாமி. மீனவர் தெருக்களில் விழுந்த இழவுகளைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த ஊர் எழுந்து நிற்பதே பெரிய விஷயம்.

எல்லோரும் டேனிஷ் கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்து, டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்டிய கோட்டை, பார்க்கவேண்டியதுதான். ஆனால் தயவுசெய்து பொற்கொல்லர் தெருவுக்கும் போங்கள். அங்கே பாரம்பரியக் கட்டிடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு பழுதுபார்த்துக் கொடுத்தது சாதாரண ஜனங்கள் குடியிருந்த நாட்டு ஓட்டு வீடுகளை. திண்ணை, மரத்தூண், சுண்ணாம்புப் பூச்சு. உப்புக் காற்றடிக்கிற ஊரில் கான்கிரீட் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிப் பூச்சைப் பிளந்து தள்ளிவிடும், சுண்ணாம்போ ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். ஒரு தூணின் அடியில் பழைய மரத்தை அப்படியே வைத்து, உளுத்த பாகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரம் சேர்த்திருந்தார்கள். அந்த இணைப்பை விரலால் தடவிப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை. கோட்டையைக் காப்பாற்ற யாராவது வருவார்கள். ஒரு திண்ணை வீட்டுக்கு இந்த மரியாதை கிடைத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மாசிலாமணி நாதர் கோவிலையும் விட்டுவிடாதீர்கள். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, கோட்டையைவிட முந்நூறு வருஷம் மூத்தது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள், அவர்கள் வருவதற்கு முன்னாலும் இங்கே ஒரு ஊர் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தக் கோவிலைக் காட்டித்தான் சொன்னேன்.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக எங்கள் ஊருக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 1986இல் நிறுத்திவிட்டார்கள். சின்ன ரயில்தான், ஆனால் கூடையோடு மீன் விற்கப் போகிற பெண்கள், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரையும் அதுதான் சுமந்தது. டூரிஸ்ட் கார் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஊர்க்காரர் இன்னமும் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறார். இத்தனை அக்கறையோடு சுவரையும் தூணையும் மீட்டெடுத்தவர்கள் இருக்கிற நாட்டில், முப்பது கிலோமீட்டர் பாதையை அகலப்பாதையாகத் திரும்பப் போடுவது ஆகாத காரியமா? திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருஷம் முழுக்க வருகிற கூட்டம் ஒன்று போதும், பெட்டிகள் காலியாக ஓடாது. மயிலாடுதுறை இப்போது தனி மாவட்டம். மாவட்டத்து நண்பர்கள் யாராவது ரயில்வேக்கு மனு போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், கையெழுத்துப் போட நான் வருகிறேன், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வருகிறேன்.