20 செ.மீ. மழை என்பது முக்கால் அடித் தண்ணீர் அல்ல

'20 செ.மீ. என்பது முக்கால் அடிகூட இல்லை, அதற்கா சென்னை மூழ்கும்?' என்று சிலர் கேட்கிறார்கள். அளவு சரிதான், ஆனால் அது பெய்த உயரம், தேங்கும் உயரம் அல்ல.

1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 20 செ.மீ. என்றால் 200 லிட்டர், அதாவது ஒரு பெரிய டிரம். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) சுமார் 223 சதுர மீட்டர். அதில் மட்டும் ஏறத்தாழ 44,600 லிட்டர் விழும். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லோடு. மாநகராட்சியின் 426 சதுர கி.மீ. முழுக்க அப்படிப் பெய்தால் சுமார் 3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான்!

இந்தத் தண்ணீர் எங்கும் சமமாக நிற்காது. சிமென்ட் தரையில் உறிஞ்சலும் கிடையாது. பத்து கிரவுண்டு நீர் வழிந்து ஒரு கிரவுண்டு பள்ளத்தில் சேர்ந்தால் அங்கே 2 மீட்டரைத் தாண்டும். சென்னையின் தாழ்வான பகுதியான வேளச்சேரியில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று: செய்தியில் வருவது வழக்கமாகக் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான கணக்கு. அதே 20 செ.மீ. நாள் முழுக்கத் தூறினால் வடிகால் ஓரளவு சமாளிக்கும். மூன்று மணி நேரத்தில் கொட்டினால் திணறிவிடும்.