மினிமம் கட்டினால் போதும் என்று நினைக்கிற எங்கட சனத்துக்கு

தங்கச்சியின் மனுசன் போன கிழமை வங்கியிலிருந்து நேரே என்ர வீட்டுக்குத்தான் வந்தார். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு அறை இறக்கக் கடன் கேட்டுப் போனவர். கிரிப் றிப்போட்டை, அதாவது ஆர் எவ்வளவு கடன்பட்டு எப்படிக் கட்டினார் என்ற பதிவை, பார்த்த அதிகாரி, "கடனட்டை மாதக்கணக்காய் நிரம்பியே கிடக்கு" என்று சொல்லி விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டாராம்.

"ஒரு மாசமாவது விட்டனானா மச்சான்? எல்லா மாசமும் திகதிக்கு முன்னம் கட்டினனான்."

உண்மைதான், ஒரு மாசமும் அவர் விடவில்லை. ஆனால் கட்டியது மினிமம் மட்டும், அதாவது பில்லில் கேட்கிற ஆகக் குறைந்த தொகை.

அவருக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல், கூடவே அரச வேலை. சம்பளம் இருப்பதால் வங்கி 2 இலட்சம் எல்லையோடு அட்டை கொடுத்தது. காலபோகத்துக்கு உரம், மருந்து, டீசல் எல்லாம் அதிலேயே இழுத்தார். நவம்பர் முடியும்போது 180,000 ரூபாய் ஏறியிருந்தது. நெல் வெட்டிக் காசு கையில் வர மாசி, பங்குனி ஆகும். வன்னியில் வருமானம் போகத்துக்குப் போகம். அட்டையோ மாதாமாதம் கணக்குக் கேட்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதை அட்டை கொடுக்கிறவர்கள் ஒருவரும் எங்கட விவசாயிக்கு எடுத்துச் சொல்வதில்லை. எனக்குப் பெரிய கோபம் அதில்தான்.

கணக்கைப் பாருங்கள். அவருடைய அட்டைக்கு ஆண்டு வட்டி 28 வீதம். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்குப் போட்ட உச்சவரம்பும் அதுதான். 180,000 ரூபாய்க்கு மாதம் 4,200 ரூபாய் வட்டி. மினிமம் 5 வீதம் என்றால் 9,000 ரூபாய். அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கட்டிய 9,000 ரூபாயில் முதலுக்குப் போனது 4,800 தான். புதிதாக ஒன்றும் வாங்காமல், மாதாமாதம் நிற்கிற நிலுவையில் 5 வீதம் மட்டும் கட்டிக்கொண்டு போனாலும் கடன் பாதியாக 2 வருசத்துக்கு மேல் எடுக்கும். பழைய பில்லை முழுதாக அடைக்காதவரை, புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "காப்பை அடைவு வைச்சிருக்கலாமே" என்றா. அவ சொன்னதில் நியாயம் இருக்கு. அதே 2023 உத்தரவில் அடைவுக்கு உச்சவரம்பு 18 வீதமாய்த்தான் இருந்தது.

இனி கிரிப் விசயம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை கடன் தகவல் பணியகத்தைத்தான் நாங்கள் கிரிப் என்கிறோம். "கிரிப்பில விழுந்திட்டான்" என்று சனம் கதைக்கிறது, ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி. அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை. வங்கிகள் மாதாமாதம் அனுப்புகிற விபரம்தான் இருக்கிறது: எல்லை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, தவணை பிந்தியதா. நீங்கள் ஆருக்காவது பிணைக் கையெழுத்து வைத்திருந்தால் அதுவும் இருக்கும். உழவு இயந்திரம் லீசிங் எடுத்த சொந்தக்காரனுக்குக் கையெழுத்து வைத்தவர்கள் இதைக் கவனியுங்கோ.

இந்த விபரங்களை வைத்து உங்களுக்குப் போடுகிற புள்ளிதான் ஸ்கோர். நீங்கள் எத்தனை வீதம் வட்டி கட்டுகிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. வட்டி ஏறி ஏறி நிலுவை குறையாமல் நிற்பதைத்தான் பார்க்கிறது. மச்சான் பிந்தவில்லை, அதனால் "பிந்தியவர்" என்ற குறை அவர் பேரில் இல்லை. ஆனால் எல்லையில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய அட்டை, கடன் கொடுக்கிறவரின் கண்ணுக்கு மூச்சுத் திணறுகிற ஆளைத்தான் காட்டும்.

வட்டியே கட்டாதவருக்கும் இது நடக்கலாம். கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டுகிறவள், ஆனாலும் ஸ்கோர் இறங்கியது. அங்கே பெரும்பாலும் பில் அடிக்கிற நாளில் நிற்கிற தொகைதான் பதிவுக்குப் போகும். அதற்குப் பிறகு கட்டினால் வட்டி இல்லை, ஆனால் அந்த மாதப் பதிவில் அட்டை நிரம்பித்தான் தெரியும். இப்போது பில் அடிக்க முதலே பெரும்பகுதியைக் கட்டி, நிலுவையை எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருக்கிறாள். "கொஞ்சம் மிச்சம் விட்டு வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும்" என்று அங்கேயும் ஒரு கதை உலாவுகிறதாம். முழுப் பொய். அந்த வட்டியால் உங்களுக்கு ஒரு புள்ளியும் ஏறாது.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். நெல்லுக் காசு வந்ததும் வேறெதற்கும் எடுக்காமல் முதலில் அட்டையில் போடு, அதுவும் பில் அடிக்கிற 18ஆம் திகதிக்கு முன்னம். கடைசித் திகதி வரை காத்திராதே. இரண்டு மாதம் கழித்து உன்ர றிப்போட்டை நீயே எடுத்துப் பார், அதற்கு உனக்கு உரிமை இருக்கு. பிறகு வங்கிக்குப் போ.

வங்கிக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன். அட்டையை நீட்டுகிற அன்றைக்கு, மினிமம் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று 10 நிமிசம் தமிழில் இருந்து சொல்லுங்கோ. போர் முடிந்து எல்லாத்தையும் வெறுங்கையோடு தொடங்கின சனம் இது. கடன் எடுக்கப் பயப்படாத சனம், கட்டவும் பின்நிற்காத சனம்.

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறவர்கள், பில் விளங்கவில்லை என்றால் உள்பெட்டியில் எழுதுங்கோ. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான். பில்லையும் கொண்டு வாருங்கோ, சேர்ந்து இருந்து பார்ப்பம்.