அடக்கமாக இறங்கிய கார்

(சேலம், மாமனார் வீட்டு வாசல். பொங்கலுக்கு வந்திருக்கும் மருமகன், பழைய ஆல்ட்டோவின் பின்சக்கரத்தருகே குனிந்து நிற்கிறார்.)

மருமகன்: மாமா, இந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றாலே மார்கழிக் குளிருக்குக் கணப்புப் போட்டதுபோல இருக்கிறதே, எங்கே போய்வந்தீர்கள்?

மாமனார்: ஏற்காடு போய் இப்போதுதான் திரும்பினோம், மாப்பிள்ளை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி முக்கி முனகித்தான் ஏறியது; ஆனால் இறங்கும்போது நான் பிரேக்கை அதிகம் தொடவே இல்லை, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு வரும் பெண்ணைப்போல அது தானாகவே அடக்கமாக இறங்கியது.

மருமகன்: வழியில் கருகல் வாடை ஏதும் வந்ததா?

மாமனார்: வந்தது. தோட்டத்தில் காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள் என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். நம் தெருவுக்குள் நுழைந்த பிறகும் அதே வாசனை அடித்தபோதுதான் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மருமகன்: தவறாக நினைக்காதீர்கள், மாமா. ஹேண்ட் பிரேக்கை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள்.

மாமனார்: யாரோ என்ன யாரோ, நானேதான்! ஒன்பது கிளிக் இழுத்தால்தான் பிடித்தது. லீவருக்கு அடியில் இருக்கிற நட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நன்றாக நான்கு சுற்று இறுக்கினேன். இப்போது ஒரே கிளிக்கில் உடும்புப்பிடி!

மருமகன்: அந்த உடும்பு லீவரை இறக்கிய பிறகும் விடவில்லை, மாமா. லீவரிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கேபிள் தளராமல் இழுத்துக்கொண்டே இருப்பதால், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள், அதை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ உரசியபடியே இருந்திருக்கிறது. அந்தச் சூடு ஏறி பிரேக் ஆயில் கொதித்திருந்தால், கால் பிரேக்கைப் பஞ்சு மெத்தையைப்போல மிதித்துக்கொண்டே இருந்திருப்பீர்களே தவிர, வண்டி நின்றிருக்காது.

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) இந்தக் கடைசி வாக்கியம் அத்தை காதுக்குப் போக வேண்டாம்.

மருமகன்: சொல்லமாட்டேன். ஷூ தேய்ந்ததால்தான் ஒன்பது கிளிக் போயிருக்கிறது. அதைக் கவனிக்காமல் கேபிளை இறுக்குவது, செருப்பு பெரிதாகிவிட்டது என்று காலை வீங்க வைப்பதைப்போல. கேபிள் இப்படி விறைத்து நின்றால், ஷூவைத் தானாக நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. டிரம் ஆறட்டும், அதுவரை முன்சக்கரங்களுக்கு அண்டக் கொடுக்க நல்ல கல்லாக இரண்டு கொண்டுவாருங்கள்.

(மாமனார் உள்ளே போய், அம்மிக்குழவியோடு வருகிறார்.)

மருமகன்: மாமா, இது உருளுமே!

மாமனார்: உருண்டால் நான் பிடித்துக்கொள்கிறேன்.

(செங்கல் வருகிறது. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போடுகிறார்கள். மாமனார் இரு கையாலும் சக்கரத்தைத் தள்ளுகிறார். "கிர்ர்" என்று கால் சுற்று நகர்ந்து நின்றுவிடுகிறது.)

மாமனார்: இதைத்தான் ஏற்காடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனோமா? பெட்ரோல் முள் சரிந்ததற்கு நான் உங்கள் அத்தையின் எடையைக் குறை சொன்னேனே!

மருமகன்: அதையும் நான் சொல்லமாட்டேன். இப்போது லீவரை முழுதாக இறக்கிவிட்டு, கேபிள் தொளதொளவென்று ஆகும்வரை நட்டைத் தளர்த்துகிறேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். அட்ஜஸ்டர் ஷூவைத் தன் இடத்துக்குக் கொண்டுவரட்டும்.

மாமனார்: டிக், டிக் என்று பல்லி சொல்வதுபோலக் கேட்கிறதே, நல்ல சகுனமா?

மருமகன்: மிக நல்ல சகுனம். இப்போது நட்டை அரை அரைச் சுற்றாக இறுக்குகிறேன். நீங்கள் லீவரை இழுத்து எண்ணுங்கள்.

மாமனார்: மூன்று... நான்கு... ஐந்து... ஆறு. ஆறில் நின்றுவிட்டது, மாப்பிள்ளை.

மருமகன்: இதற்கு அது போதும். இறக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

(இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி, ராட்டினமாகச் சுற்றுகின்றன. மாமனார் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலையே அதிகம்.)

மாமனார்: இவ்வளவு இலேசாகச் சுற்றுகிறதே... மனத்திருப்திக்கு இன்னும் ஒரே ஒரு சுற்று இறுக்கிவிடட்டுமா?

மருமகன்: மாமா, போன வாரம் நீங்கள் மூடி வைத்த ஆவக்காய் ஜாடியை வீட்டில் இன்னும் ஒருவராலும் திறக்க முடியவில்லை என்று அத்தை சொன்னார்கள்.

மாமனார்: அது வேறு, இது வேறு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே?

மருமகன்: என் சட்டைப்பையில். நாளைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.

மாமனார்: அது என்னுடைய ஸ்பேனர் அல்லவா?

மருமகன்: தெரியும், மாமா.